வகுப்பறைக்கு வந்த கடலோரக் கிராமம்

"மதரஸாவில் நாவலா உஸ்தாத்?" என்று கேட்டார் ஒரு தந்தை. கோபத்தோடு கேட்கவில்லை. மகனைக் கோடை விடுமுறை வகுப்பில் சேர்ப்பதற்காக வந்தவர், பாட அட்டவணையில் தஜ்வீதுக்கும் ஃபிக்ஹுக்கும் கீழே 'தமிழ் நாவல் வாசிப்பு' என்று எழுதியிருந்ததைக் கண்டு, அச்சுப்பிழையோ என்று ஐயுற்றுக் கேட்டார். "பிழையன்று, வேண்டுமென்றே எழுதியதுதான்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னை உற்று நோக்கிவிட்டு, "பையன் மற்றப் பாடங்களையும் விடாமல் படிக்கட்டும்" என்று சொல்லிச் சென்றார். நல்ல மனிதர். அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் நேரான விடை இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊர் எங்களுடையது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் எட்டு மாணவரும் ஆறு மாணவியரும் அவ்வகுப்பில் இருந்தனர். ஆளுக்கொரு பக்கமாக உரக்கப் படிப்பது, படித்த பக்கத்தைப் பற்றிப் பேசுவது, இதுவே முறை. நான் தேர்ந்தெடுத்த நூல் தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'. நம் சமுதாய மாத இதழான 'முஸ்லிம் முரசு'வில் தொடராக வந்து, 1988ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்ற நாவல் அது. மூத்த வாசகர் பலருக்கு அது நன்கு பழக்கமான கதைதான். இளையோர் பலர் பெயரளவில் கூட அறியார். ஆசிரியர் எங்கள் மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்தவர். 'சாய்வு நாற்காலி' என்னும் மற்றொரு நாவலுக்காக 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. நான் கல்லூரியில் கலைப் படிப்புப் படித்தவை அதையொட்டிய ஆண்டுகளே. 'நம்மூர்க்காரருக்கு விருது' என்று நூலகத்தில் அவருடைய நூல்களைத் தேடி எடுத்ததும், அதுவரை எந்தப் பாடநூலிலும் காணாத எங்கள் வீட்டுப் பேச்சை அச்சில் கண்டு திகைத்ததும் இன்னும் நினைவில் உள்ளன. 2019ஆம் ஆண்டு மே மாதம் அவர் இறைவனடி சேர்ந்தார்.

கதையை இங்கே முழுதும் சொல்லப்போவதில்லை. படிக்காதவர் படிக்க வேண்டும். ஊரே நடுங்கும் அகமது கண்ணு முதலாளி, அவருக்கு வளையாத சுறாப்பீலி வியாபாரி மகமூது, மக்களின் அறியாமையை அறுவடை செய்யும் தங்ஙள், முதலாளி வீட்டுப் பெண் ஆயிஷாவின் பேச முடியாத துயரம் என விரிவது அது. இவர்களுக்கு நடுவே, ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்த வந்து ஊராரின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொள்ளும் மெஹ்பூப்கான் என்னும் ஆசிரியரும் வருகிறார். நான் இந்நாவலைத் தேர்ந்தெடுத்தது அந்த ஆசிரியருக்காகவே. ஆசிரியர் தொழிலில் இருப்பவனுக்கு வேறு எவர் மீது பாசம் வரும்?

முதல் நாள் படித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பன்று. பள்ளியில் எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கப்படும் சொற்களையெல்லாம் ஒரு பெரிய எழுத்தாளர் துணிந்து எழுதியிருப்பதைக் கண்ட சிரிப்பு. மலையாளவழிக் கல்வி கற்றுத் தமிழில் எழுதியவர் அவர். 1956 நவம்பர் முதல் நாள் வரை எங்கள் பகுதி தமிழ்நாட்டைச் சேர்ந்ததே அன்று. எனவே அரபும் மலையாளமும் தமிழும் ஒரே வாயில் புழங்கும் அம்மொழி யாருடைய குறையுமன்று என்று விளக்கினேன். மூன்றாம் நாள் முதல், விளக்கம் சொல்வது என் வேலையாக இல்லை. "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று நான் கேட்க, "வாப்பும்மாவிடம் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

வாசித்து முடித்தபின் கட்டுரை எழுதச் சொல்வது என் பழைய வழக்கம். பதினான்கு கட்டுரையும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரும் என்பதும் என் பழைய அனுபவம். இம்முறை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், "உஸ்தாத், எழுதாமல் கைப்பேசியில் செய்து காட்டலாமா? படம், குரல், எழுத்து மூன்றையும் சேர்த்து?" என்று கேட்டார். பள்ளிகளில் இதனைப் பல்லூடகச் செயல்திட்டம் என்கிறார்களாம். ஆண்டு முழுவதும் மாணவரிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பவன் நான். அதே கையால் அதனை எடுத்துக் கொடுப்பது எப்படி? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சில நிபந்தனைகளோடு இசைந்தேன். நாவலின் எந்தப் பகுதிக்கு மறுமொழியாகத் தம் படைப்பு அமைகிறது என்பதைத் தொடக்கத்திலேயே கூற வேண்டும். ஆறு நிமிடத்திற்கு மேற்படலாகாது. பின்னணி இசை கூடாது. எவர் குரலைப் பதிந்தாலும் அவர் அனுமதியோடு பதிய வேண்டும். பெண்கள் முகத்தைக் காட்டலாகாது. கடைசி நிபந்தனையைக் கேட்டு முதலில் முகம் சுளித்தவர்களே, பின்னர் அதனால்தான் தம் வேலை நன்றாக அமைந்தது என்றார்கள். முகத்தைக் காட்ட இயலாதபோது கைகளைக் காட்ட வேண்டியிருக்கிறது. பூட்டிய பெட்டியை, தேய்ந்த வாசற்படியைக் காட்ட வேண்டியிருக்கிறது. பார்ப்பவரும் குரலைக் கவனித்துக் கேட்கிறார்.

மூன்று குழுவாகப் பிரிந்தார்கள். முதற்குழுவினர் பேருந்தேறித் தேங்காய்ப்பட்டணத்திற்கே சென்று வந்தார்கள். குழித்துறை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், இப்போது அங்கு எழுந்துள்ள மீன்பிடித் துறைமுகத்தின் கற்சுவர், மாலிக் இப்னு தீனார் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் பழம்பள்ளி, அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் எஞ்சிய நீர் ஆகியவற்றைப் படம்பிடித்து, நாவலின் ஊரையும் இன்றைய ஊரையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்கள். முதல் நாள் பதிந்த கடலோசை முழுதும் காற்றின் உறுமலாகவே இருந்ததாம். மறுமுறை கைப்பேசியின் ஒலிவாங்கி மேல் கைக்குட்டையைச் சுற்றிப் பதிந்திருக்கிறார்கள். இதனை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாம் குழுவின் கதை சுவையானது. அகமது கண்ணு முதலாளியின் உருவத்தை வரைந்து தருமாறு செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டிருக்கிறார்கள். வந்தவரோ தலையில் வைரம் பதித்த பாகையும், மார்பில் முத்துமாலையும், பின்னால் பளிங்கு மாளிகையுமாக வீற்றிருந்தார்! எங்கள் தென்னந்தோப்பு முதலாளியை லக்னோ நவாப் ஆக்கிவிட்டது எந்திரம். வகுப்பே குலுங்கியது. "ஏன் இப்படி வந்தது?" என்று கேட்டேன். "முஸ்லிம், பணக்காரர், பழைய காலம் என்று சொன்னோம் உஸ்தாத், அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்" என்றான் ஒருவன். அந்த மூன்று சொல்லை நம் நாட்டு மனிதர்களிடம் சொன்னாலும் பலர் மனத்தில் தோன்றுவது அந்தப் பாகையும் மாளிகையும்தானே என்று எண்ணிக்கொண்டேன். பின்னர் அக்குழுவினர் எந்திரத்தை விட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தார்கள். முதலாளியை வரையவே இல்லை. அவர் முன் வளைந்து நிற்கும் முதுகுகளை மட்டும் ஒன்பது படங்களாக வரைந்து, ஒவ்வொரு முதுகும் தனக்குள் என்ன பேசிக்கொள்ளும் என்பதைத் தம் சொந்தச் சொற்களில் குரலாகச் சேர்த்தார்கள். மகமூதின் முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தது. பத்து மதிப்பெண்ணுக்குப் பத்து போட்டேன்.

இனி மூன்றாம் குழு. நான் இந்த மாதம் எழுத அமர்ந்தது இக்குழுவைப் பற்றித்தான்.

அவர்கள் நால்வரும் மாணவியர். மெஹ்பூப்கானின் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டார்கள். "கதையில் ஊர் எதிர்த்தது, நம் ஊரில் என்ன நடந்தது?" என்பதே அவர்கள் கேள்வி. எங்கள் ஊரில் எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் சென்று, 'நீங்கள் எந்த வகுப்பு வரை படித்தீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?' என்று கேட்டுப் பதிந்தார்கள். பெரும்பாலும் ஓரிரு சொல் விடைகளே கிடைத்தன. ஆனால் அக்குழுவில் ஒரு மாணவியின் வாப்பும்மா, வயது எண்பத்திரண்டு, பதினேழு நிமிடம் இடைவிடாமல் பேசியிருந்தார்.

அந்தப் பதிவை நான் முழுதும் கேட்டேன். ஒன்பது வயதில் மூன்றாம் வகுப்பு. ஊரிலிருந்து பள்ளிக்கூடம் சென்றவர்கள் மூன்று பெண் பிள்ளைகள். ஒரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அவருடைய வாப்பாவை அழைத்து, பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினால் அவ்வீட்டு நல்லது கெட்டதற்கு ஊரார் வரமாட்டார்கள் என்று சொல்லியனுப்பினார். அன்றோடு படிப்பு நின்றது. எழுது பலகையை நெல் பத்தாயத்துக்குள் ஒளித்து வைத்து, மழைக்காலத்தில் நெல் எடுக்கும்போது அது வெளிப்பட்டு அடி வாங்கியதைச் சொல்லும்போது அந்த மூதாட்டி சிரிக்கிறார். பிறகு, வீட்டில் குர்ஆன் ஓதிக்கொடுத்த அம்மாளிடம் அரபுத் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துக்களின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட முறை அது. எத்தனையோ மார்க்க நூல்களும் பாடல்களும் அதில் அச்சேறின. பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதிலே படித்தார்கள், எழுதினார்கள். இந்த மூதாட்டியும் கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்குப் பதினோரு ஆண்டு கடிதம் எழுதியிருக்கிறார். ஆயினும் வங்கியில் இன்று வரை அவர் வைப்பது கைநாட்டு. படிவத்தில் அவர் 'எழுத்தறியாதவர்'. "எனக்கு எழுதத் தெரியும், அவங்களுக்குத்தான் அது வாசிக்கத் தெரியாது" என்று அவர் சொன்ன இடத்தில் நான் கைப்பேசியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன்.

இடர் எங்கே வந்தது என்றால், வாப்பாவை அழைத்து எச்சரித்த பெரியவரின் பெயரை அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பெரியவர் மறைந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. அவருடைய பேரர் இன்று எங்கள் ஜமாஅத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். படைப்புகளைத் திரையிட இருந்த மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அன்று முன்வரிசையில் அமரப்போகிறவரும் அவரே.

இறந்தவர்களைப் பழித்துப் பேசலாகாது என்னும் நபிமொழி எனக்குத் துணைக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நான் அதனைத் துணைக்கு அழைத்தேன். பெயரை மட்டும் நீக்கியிருந்தால் அந்நபிமொழியைப் பேணியதாகும். நான் அப்படிச் செய்யவில்லை. பெயரை நீக்கினாலும் யாரென்று ஊருக்குத் தெரியுமே என்று அஞ்சி, எச்சரிக்கை வந்ததிலிருந்து படிப்பு நின்றது வரை உள்ள நாற்பது விநாடியை முழுதாக எடுத்துவிடுமாறு அந்த மாணவியிடம் சொன்னேன். "சரி உஸ்தாத்" என்றாள். மறுத்து ஒரு சொல் பேசவில்லை. மறுத்துப் பேசாத பிள்ளையை நாம் 'நல்ல பிள்ளை' என்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆயிஷாவும் மறுத்துப் பேசாதவளே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பகுதியைப் படித்தபோது, பேச இயலாமை எத்தகைய கொடுமை என்று அரைமணி நேரம் விளக்கமளித்தவன் நானே!

திரையிட்ட நாள் வந்தது. இஷா தொழுகைக்குப் பின், மண்டபத்தின் நடுவே திரைச்சீலை கட்டி, ஒருபுறம் ஆண்களும் மறுபுறம் பெண்களும் அமர்ந்தார்கள். கடல் வந்தது, முதுகுகள் வந்தன, கைதட்டல் எழுந்தது. மூன்றாவதாக, சுருக்கம் விழுந்த இரு கைகள் ஒரு தகரப் பெட்டியைத் திறக்கும் காட்சியோடு மூதாட்டியின் குரல் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு என்றது குரல். அடுத்த நொடி ஓதிக்கொடுத்த அம்மாளிடம் சென்றுவிட்டது. பள்ளிக்கூடம் ஏன் நின்றது என்பதே இல்லை. பார்த்தவர்க்கு, அந்தப் பெண்ணுக்குப் படிப்பில் நாட்டமில்லாது போயிற்று என்றே தோன்றியிருக்கும். பத்தாயத்துப் பலகையும் அந்த நாற்பது விநாடிக்குள் அடங்கியிருந்ததால், அதுவும் போயிற்று.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "உஸ்தாதே, நான் பள்ளிக்கூடம் விட்ட கதை எங்க? அதக் காணல்லியே! பிள்ளை நல்லாப் பதிஞ்சுதே!"

பெண்கள் பகுதியில் சிரிப்பு எழுந்தது. ஆண்கள் பகுதியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நேரம் போதாமல் சுருக்கினோம் உம்மா" என்று சொன்னேன். பொய். ஆறு நிமிடத்திற்கு இன்னும் ஒரு நிமிடம் மீதமிருந்தது. அந்த மாணவிக்கு அது தெரியும். மதரஸாவில் கற்பிக்கும் ஒருவன், தன் மாணவியர் கேட்க, கூட்டத்தில் பொய் சொன்னான் என்பதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

எல்லோரும் கலைந்தபின் அந்தப் பொறுப்பாளர் என்னிடம் வந்தார். "உஸ்தாத், அவர்கள் பள்ளிக்கூடம் விட்டதற்கு யார் காரணம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் உம்மா சொல்லி வருத்தப்படுவார்கள். என் மகளை நான் மருந்தியல் படிக்க வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனக்காக வெட்டினீர்களா?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு சென்றார்.

அன்றிரவு நாவலை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். இத்தனை ஆண்டாக நான் என்னை மெஹ்பூப்கானின் பக்கத்தில் வைத்தே அதனைப் படித்து வந்திருக்கிறேன். ஊரில் எவரும் கேட்காமலே, முதலாளி எதை விரும்பமாட்டார் என்று தாமாக ஊகித்துக் கதவைச் சாத்துகிறவர்கள் பக்கத்தில் என்னை வைத்துப் பார்த்ததே இல்லை. முதலாளி ஒருவர்தான், வளைந்த முதுகுகள் ஒன்பது என்று என் மாணவர்கள் வரைந்து காட்டினார்களே, அதற்குப் பத்துக்குப் பத்து போட்டவனுக்குப் பத்தாவது முதுகு யாருடையது என்று தெரியாமற் போயிற்று.

நாவல் படித்த பயன் இதுதானோ, அந்தத் தந்தைக்குச் சொல்ல வேண்டிய விடையும் இதுதானோ என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாவலை மட்டும் படித்துக் கட்டுரை எழுதச் செய்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். 'இந்நாவல் கல்வியின் இன்றியமையாமையை வலியுறுத்துகிறது' என்று பதினான்கு பேரும் எழுதியிருப்பார்கள். நானும் மகிழ்ந்து மதிப்பெண் இட்டிருப்பேன். பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிய பின்னரே கதை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. இவ்வாறு சொல்வதால் எல்லா மதரஸாக்களிலும் கைப்பேசியைத் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். என் மேசை இழுப்பறைக்கு இன்றும் பூட்டு உண்டு.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, "மகளே, நான் செய்தது தவறு. கூட்டத்தில் சொன்னதும் உண்மையன்று. நாற்பது விநாடியையும் திரும்பச் சேர்த்துவிடு, பெயரை மட்டும் எடுத்துவிடு" என்றேன். அவள் தலைகுனிந்தபடி, "நான் அழிக்கவில்லை உஸ்தாத். தனியாக வைத்திருக்கிறேன்" என்றாள். பெயர் வரும் இடத்தில் ஒலியை அவித்து, மற்ற அனைத்தையும் சேர்த்து, இரண்டு நாளில் கொண்டு வந்து கொடுத்தாள். இப்போது அது பென் டிரைவில் எங்கள் நூலக அலமாரியில் இருக்கிறது. வேண்டுவோர் கேட்டுப் பார்க்கலாம். முதலில் கேட்டவர் அந்தப் பொறுப்பாளரே. தம் உம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதற்காக வாங்கிச் சென்றார்.

திருத்திய படத்தை எடுத்துக்கொண்டு நானே மூதாட்டியின் இல்லத்திற்குச் சென்றேன். மகனும் பேத்தியும் உடனிருக்க, கதவுக்கு அப்பால் அமர்ந்து முழுதும் கேட்டார். பலகை வெளிப்பட்ட இடத்தில் மீண்டும் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது அதனைச் செவிமடுத்ததாகவே தெரியவில்லை. "அது கெடக்கட்டும் உஸ்தாதே. அந்தப் பொஸ்தகத்துல ஒரு வாத்தியார் வாராருன்னு பிள்ளை சொல்லிச்சு. அவரு கடைசியில பள்ளிக்கூடம் நடத்தினாரா, இல்லியா?" என்று கேட்டார்.

பேத்தி இப்போது ஒவ்வோர் இரவும் நான்கு பக்கம் அவருக்குப் படித்துக் காட்டுகிறாள். வாத்தியார் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டாராம்.